ஆறாம் கட்டில் பேசின்

பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு வேலை செய்வது இருபது வருஷமாக அவருக்குப் பழகிப்போன கோலம்தான். ஆனால் அன்றைக்குக் கழுத்தைக் கொஞ்சம் வலதுபக்கம் திருப்பினால் ஆறாம் கட்டிலின் சக்கரம் தெரிந்தது. அதற்கு மேலே தொங்கிய சிறுநீர்ப் பை தெரிந்தது. பைக்கு மேலே, போர்வையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாதம் தெரிந்தது. அது அவருடைய தங்கச்சியின் பாதம். அதனால் கழுத்தைத் திருப்பாமலே கையால் தடவி நட்டைத் தேடினார்.

ஆஸ்பத்திரியில் அவரை வாஷர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் எந்நேரமும் பத்துப் பன்னிரண்டு ரப்பர் வாஷர் கிடக்கும். குழாய் ஒழுகுகிறது என்று யாராவது வாயைத் திறப்பதற்குள் ஒன்றை எடுத்து நீட்டிவிடுவார். அவருக்கு வேறொரு பெயர் இருக்கிறது என்பது கான்டிராக்டரின் நோட்டுக்கும் தங்கச்சிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அந்தத் தங்கச்சியும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுக்கு இதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைப் பிரிவில் விரிப்பு மடிக்கிற வேலை. வயிற்று வலி என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று மடித்திருக்கிறாள். மூன்றாம் நாள் மடிக்கிற மேஜை மேலேயே சாய்ந்துவிட்டாள். குடல்வால் வெடித்துவிட்டது என்று சொல்லி உடனே அறுவை செய்து, மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுவந்து போட்டார்கள். மூன்று நாள் மிஷின்தான் மூச்சு விட்டது. நாலாம் நாள் தொண்டைக் குழாயை எடுத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? “இந்த விரிப்பை எவ மடிச்சா? மூலையே சேரல.” சுற்றி நின்ற நர்ஸுகளெல்லாம் சிரித்துவிட்டார்கள். வாஷருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று சாயங்காலமே, அவள் இருந்த இரண்டாம் கட்டில் இன்னும் மோசமான ஒருவருக்கு வேண்டும் என்று அவளை ஆறாம் கட்டிலுக்கு மாற்றினார்கள். ரெண்டு நாள் பார்த்துவிட்டு வார்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு. இரண்டாம் நாள் மதியம் அவளுக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டி, கட்டில் கம்பி கடகடவென்று ஆடுகிற அளவுக்கு நடுக்கம். சாயங்காலத்துக்குள் ஆளை அடையாளம் தெரியவில்லை. மறுபடியும் குழாய், மறுபடியும் மிஷின்.

“செப்சிஸ்” என்றார் பெரிய சிஸ்டர்.

அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ் அவர். ஐம்பதைத் தாண்டிய வயது. குரல் கறார், கை பஞ்சு. வாஷர் பேசினுக்கு அடியிலிருந்து அந்தக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் மூன்று எட்டு. ஒரு பம்ப் கத்தினால் அடங்கும், அடுத்தது கத்தும், அதுவும் அடங்கும். ஆறு பம்ப், ஒரு மூச்சு மிஷின், இரண்டு திரை. மணிக்கு ஒரு தரம் குனிந்து, சிறுநீர்ப் பையின் கோட்டைக் கண்ணை இடுக்கிப் பார்த்து எழுதிக்கொள்வார். இந்த ஒரு ஆள் எத்தனை கையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்கிறார் என்று வாஷருக்குப் பிடிபடவே இல்லை.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கவா? இதயம் நூத்தி நாப்பது அடிக்குதுன்னு காட்டுது. அவ்வளவு வேகமா அடிச்சும் ஏன் ப்ரஷர் ஏற மாட்டேங்குது?”

“கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு வாஷர். அதை அடிக்கக் கிளம்பின உடம்பு, எதிரி யாரு, சொந்தம் யாருன்னு தெரியாம தன்னையே போட்டு அடிக்குது. ரத்தக்குழாய் எல்லாம் ஒரே நேரத்துல தளர்ந்துபோச்சு.”

வாஷர் ரெஞ்சைக் கீழே வைத்தார். “அப்போ மோட்டார் நல்லாத்தான் ஓடுது. பைப்பு விரிஞ்சுபோனதால மேல்மாடிக்குத் தண்ணி ஏறல. அப்படித்தானே?”

“அதேதான்.”

“பைப்பு விரிஞ்சது மட்டுமா, இல்ல ஒழுகவும் செய்யுதா?”

பெரிய சிஸ்டர் குனிந்து, பேசினுக்கு அடியில் அவர் முகத்தைப் பார்த்தார். “ரெண்டும்தான். அதனாலதான் ஒரு பக்கம் தண்ணி ஏத்துறோம், ஒரு பக்கம் பைப்பை இறுக்குறதுக்கு மருந்து. படிக்க வர்ற பசங்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு அரை நாள் ஆகும், தெரியுமா? ஒரு உடம்புக்குள்ள இருக்கிற குழாயை எல்லாம் எடுத்து நீட்டினா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வருமாம்.”

அடேயப்பா! இருபது வருஷத்தில் இந்தக் கட்டடம் பூராவும் அவர் போட்ட குழாயை நீட்டினால்கூட பக்கத்து ஊரைத் தாண்டாது. தூக்கி வளர்த்த இந்தப் பொடிசுக்குள் அத்தனை குழாய் ஓடுகிறது. அத்தனையும் இவ்வளவு நாள் ஒரு ஒழுக்கு இல்லாமல் ஓடியிருக்கிறது. யார் போட்டது, யார் பார்த்துக்கொண்டது? அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“எவ்வளவு ப்ரஷர் வேணும் சிஸ்டர்?”

“அந்தச் சின்ன எண்ணு தெரியுதா, அது அறுபத்தஞ்சு வரணும்.”

திரையில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

வாஷர் திரும்பிக் கையில் இருந்த வேலையைப் பார்த்தார். தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். குழிக்குக் கீழே வளைந்து தண்ணீர் நிற்கிற ட்ராப்பைத் திருகித் திறந்தார். கறுப்பும் பழுப்புமாக ஒரு வழவழப்பு விரலில் ஒட்டி நூல்நூலாக இழுத்தது. வாழ்நாளெல்லாம் பார்த்த அழுக்குதான். ஆனால் இதில் புளித்த பால் நாற்றம் அடித்தது.

“இதுல என்ன ஊத்துறீங்க?”

“மூக்குக் குழாய் வழியா குடுக்கிற பால் மிச்சம், கலக்கின மருந்து மிச்சம், உடம்பு துடைச்ச தண்ணி. கழிவு ஊத்துற ரூமு அந்தக் கோடியில இருக்கு. நாலு பேஷன்ட்டை விட்டுட்டு ஒருத்தி அவ்வளவு தூரம் நடந்து போய் வர முடியுமா?” குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

பழைய ட்ராப்பை வாளியில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினார். எழுந்து நின்று, “கை கழுவிப் பாருங்க சிஸ்டர், இறங்குதான்னு பாப்போம்” என்றார். பெரிய சிஸ்டர் குழாயைத் திறந்து, விரல் இடுக்கு, மணிக்கட்டு என்று முறையாகக் கழுவினார். தண்ணீர் சுழன்று இறங்கியது. வாஷர் தங்கச்சியின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். அவள் கழுத்தில் மருந்து ஏறுகிற ஊசி மேல் கண்ணாடி போல ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதன் ஒரு ஓரம் கிளம்பியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு சொட்டு வந்து உட்கார்ந்தது.

அவர் குழாயைப் பார்த்தார். சொட்டைப் பார்த்தார். கட்டில் கம்பியில் இன்னும் நாலு சொட்டு இருந்தது.

“சிஸ்டர், இந்தத் தண்ணி எப்பவும் இங்க தெறிக்குமா?”

“நீங்க மாட்டின நாள்லேர்ந்தே தெறிக்குது. என் ஏப்ரன் நனையாத நாள் கிடையாது. ரெண்டு தடவை எழுதியே குடுத்தேன். உங்க சார்தான், அப்புறம் பாக்கலாம்னுட்டாரு.” கையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “இந்தக் கட்டிலுக்கே ராசி இல்லன்னு பிள்ளைங்க பேசிக்குதுங்க. மாடியைப் புதுசு பண்ணி பதினாலு மாசம் ஆகுது. இந்தக் கட்டில்ல இப்படி ஆகுறது இது நாலாவது.”

“மத்த மூணு பேரு?”

பெரிய சிஸ்டர் பம்பில் ஒரு எண்ணைக் கூட்டினார்.

 அந்தக் குழாயை மாட்டிய நாள் வாஷருக்கு நன்றாக நினைவில் இருந்தது. வாங்கி அனுப்பியவை ஹோட்டல்களில் வைக்கிற மாதிரி ஆழமில்லாத, பார்வைக்கு லட்சணமான பேசின்கள். அவர் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு நூல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாமல், தண்ணீர் நேராகக் குழியின் நடுவில் விழுகிற மாதிரி வைத்தார். அப்படி விழுந்தால்தான் கிண்ணத்தில் அழுக்கு நிற்காது. அதுதான் சுத்தமான வேலை என்பது அவருடைய கணக்கு. பத்து பேசினையும் அப்படியே வைத்தார். வைத்துவிட்டு ஒவ்வொன்றையும் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசித்தும் இருக்கிறார். நேராகக் குழிக்குள் விழுகிற தண்ணீர் குழிக்குள் இருப்பதை வெளியே எடுத்து வீசும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், வராந்தாவில் பராமரிப்புப் பிரிவு அதிகாரி எதிரே வந்தார். எதைக் கேட்டாலும் அப்புறம் என்பார். அதனால் அவருக்கு ‘அப்புறம் சார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“வாளியில என்னய்யா?”

“ஆறாம் கட்டில் ட்ராப் சார். கிருமி டாக்டரம்மாகிட்ட காட்டணும். தண்ணி தெறிச்சு பேஷன்ட் மேல விழுது. கழுத்து ஊசி மேல விழுறதை என் கண்ணால பாத்தேன்.”

அப்புறம் சார் இரண்டு பக்கமும் பார்த்தார். “அதைக் கீழ கொண்டுபோய்க் கொட்டிட்டு வேலையைப் பாரு. அந்தக் குழாயைப் போட்டது நீ. நினைப்பு இருக்கட்டும்.”

“நினைப்பு இருக்கறதாலதான் சார் போறேன்.”

சொல்லிவிட்டு நடந்தபிறகுதான், எவ்வளவு பெரிய வார்த்தை பேசிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. கான்டிராக்ட் ஆளுக்கு ஒரு வாய்ச்சொல் போதும், மறுநாள் வாசலில் நிற்க. ஆனால் திரையில் பார்த்த ஐம்பத்திரண்டு கண்ணுக்குள்ளேயே நின்றது. கால் நிற்காமல் போனது.

கிருமி டாக்டரம்மாவின் அறை மூன்றாம் மாடிக் கோடியில். வாளியோடு அவர் கதவைத் தள்ளியதுமே, “வைக்காதீங்க! கீழ வைக்காதீங்க! கையுறை எங்க?” என்று டாக்டரம்மா எழுந்துவிட்டார்.

“எங்களுக்கு ஏது மேடம் கையுறை?”

டாக்டரம்மா தானே ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார். வாஷர் ஆதியோடந்தமாகச் சொன்னார். பேசின், தூக்குக்குண்டு, தெறிக்கிற தண்ணீர், பால், பிளாஸ்திரி மேல் விழுந்த சொட்டு, நாலாவது ஆள். கடைசியில், “நாலாவது என் தங்கச்சி மேடம். மாட்டினது நான்” என்றார். 

டாக்டரம்மா குளிர்பெட்டியைத் திறந்து மூன்று வட்டக் கண்ணாடித் தட்டுகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். “இது மூணும் முன்னாடி அந்தக் கட்டில்ல இருந்தவங்க ரத்தத்துல வளர்ந்தது. எட்டு மாசமா தேடிட்டிருக்கேன். மூச்சு மிஷினைப் பார்த்தேன், மருந்து பாட்டிலைப் பார்த்தேன், நர்ஸுங்க கையை எல்லாம் துடைச்சுப் பார்த்தேன். மூணும் ஒரே கிருமி. ஈரத்துல வாழுற ஜாதி.”

வாஷர் குனிந்து பார்த்தார். அசிங்கமாக எதையோ எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். தட்டில் பச்சையும் நீலமும் கலந்து, மயில் கழுத்து மாதிரி மினுமினுத்துக்கொண்டிருந்தது. மூடியை ஒரு விரற்கடை தூக்கியதும் திராட்சைப் பழ வாசனை வந்தது. மூன்று ஆட்களைக் கொண்டுபோனது இதுவா! கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இத்தனை அழகு எதற்கு என்று நினைத்து, அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டார்.

அதற்குள் டாக்டரம்மா போனை எடுத்திருந்தார். “ஆறாம் கட்டிலுக்கு வயித்துக் கிருமின்னு நினைச்சுத்தானே மருந்து போயிட்டிருக்கு? மாத்துங்க. நான் சொல்ற மருந்தை இப்பவே ஏத்துங்க. இல்ல, ரத்த ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கழுத்து லைனை எடுத்துட்டு வேற இடத்துல போடுங்க. அந்தக் கட்டிலையே அங்கிருந்து நகர்த்துங்க.” போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “நாளைக்கு வந்திருந்தீங்கன்னா லேட்டாகியிருக்கும்.”

அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். எழுத்து அவருக்குப் புரியாத பாஷை. ஆனால் படம் புரிந்தது. ஒரு பேசின், ஒரு குழாய். தண்ணீர் நேராகக் குழியில் விழுகிற மாதிரி ஒரு படம், அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. தண்ணீர் கிண்ணத்தின் சரிவில் விழுந்து வழுக்கி இறங்குகிற மாதிரி இன்னொரு படம்.

“இது எங்க இருந்துச்சு மேடம்?”

“இங்கதான். என் ரூம்ல.”

“இந்த ஒரு படம் எங்க ஷெட்டுக்கு வந்திருந்தா போதுமே மேடம். நாலு வார்த்தைகூட வேணாமே.”



மறுநாள் காலை பதினொரு மணிக்கு, காலியான ஆறாம் கட்டிலைச் சுற்றித் திரை கட்டி வெளிச்சத்தை அடைத்தார்கள். வெள்ளை விரிப்பு என்றால் நீல வெளிச்சத்தில் அதுவே மின்னும் என்று, அறுவை அறையிலிருந்து கரும்பச்சை விரிப்பு கொண்டுவந்து போட்டிருந்தது. டாக்டரம்மா ஏதோ சாயத்தண்ணீரைக் குழிக்குள் ஊற்றினார். பெரிய சிஸ்டர் எப்போதும் போல அரை நிமிஷம் கை கழுவினார். விளக்கை அணைத்தார்கள். டாக்டரம்மா நீல வெளிச்சம் அடிக்கிற டார்ச்சைத் தட்டினார்.

 கட்டில் முழுக்கப் பச்சைப் புள்ளிகள் ஒளிவிட்டன. தலையணையில், கம்பியில், மருந்துத் தட்டில், பம்பின் பொத்தான்களில், சொட்டுமருந்துக் கம்பத்தில் ஆள் உயரத்துக்கு. பெரிய சிஸ்டரின் மார்பிலும் புருவத்திலும். டாக்டரம்மா வெளிச்சத்தைத் திருப்பினார். வாஷரின் மீசையில்கூட ஒன்று மின்னியது. “அம்மாடியோவ்” என்று யாரோ ஒரு நர்ஸுப் பெண் முணுமுணுத்தாள். கண்ணுக்குத் தெரியாமல் பதினாலு மாசமாக ஒவ்வொரு தடவையும், யார் கை கழுவினாலும், சுத்தம் பண்ணுவதற்காகக் கழுவிய ஒவ்வொரு தடவையும் இது நடந்திருக்கிறது.

வாஷர் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து, குழியிலிருந்து கடைசிப் புள்ளி வரை அளந்தார். ஒரு மீட்டருக்கு மேலே ஒரு சாண் இருந்தது. அவர் தங்கச்சியின் கழுத்து இருந்த இடத்தில் மட்டும் ஏழு புள்ளி. எண்ணி முடித்ததும் டேப் சரக்கென்று சுருண்டுகொண்டது. அவர் அந்த இருட்டிலேயே அழுதார். பெரிய சிஸ்டர் அவர் முதுகில் கையை வைத்தார்.

ட்ராப் அழுக்கைத் தடவிய தட்டிலும், தங்கச்சியின் ரத்தத்திலும் அதே மயில் நிறம் வளர்ந்ததாக அதற்கு மறுநாள் தகவல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே மருந்து வேலையை ஆரம்பித்துவிட்டது. பார்வை நேரம் பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷமும் வாஷர் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. மறுபடியும் ஐம்பத்தொன்பது.  அடுத்த நாள் போனால் பெரிய சிஸ்டர் கட்டிலுக்கு அடியில் குனிந்து, பையின் கோட்டைப் பார்த்துவிட்டு, “வாஷர், இங்க வாங்க. ஒரு மணி நேரத்துல முப்பது மில்லி. நேத்து வரைக்கும் அஞ்சு” என்று லாட்டரி விழுந்த மாதிரி சிரித்தார். அந்த மஞ்சள் தண்ணீரைப் பார்த்து வாஷர் கையெடுத்துக் கும்பிட்டார். எத்தனையோ கட்டடத்தில் முதல்முதலாகத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார். ஒன்றுகூட இப்படி அவரை உலுக்கியதில்லை.

பம்பில் மருந்து ஒவ்வொரு புள்ளியாக இறங்க, திரையில் எண் தானாகவே நின்றது. அறுபத்தாறு. அறுபத்தெட்டு. தன்னைத்தானே அடித்துக்கொண்டிருந்த உடம்பு, எதிரி யார் என்று கண்டுபிடித்துவிட்டுத் தன் குழாய்களை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டது. ஒன்பதாம் நாள் அவள் கண் திறந்தாள். தொண்டைக் குழாயை எடுத்ததும், காய்ந்த உதட்டால், “ஏண்ணே, சவரம் பண்ணலையா? பிச்சைக்காரன் மாதிரி நிக்கிற” என்றாள்.

“அடி போடி” என்றார் வாஷர். 

உயிர் வந்துவிட்டது. ஆனால் இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தத்தை அனுப்புவதற்காக இறுக்கிய மருந்து விரல் நுனிகளைக் கைவிட்டிருந்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனி கறுத்து, கரியாகிப்போயின. முதல் கணு வரை எடுத்தார்கள். கட்டுப்போட்ட கையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மூலை சேக்கறது இந்த ரெண்டு விரல்தாண்ணே.”

“கட்டைவிரல் இருக்குல்ல பாப்பா. பழகிடும்.”

“ம். நீ சொன்னா சரி.”

விசாரணை என்று ஒன்று நடந்தது. டாக்டரம்மா பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்ததாகப் பெரிய சிஸ்டர் சொன்னார். பேசின் வாங்கியது, எழுதிக் கொடுத்த புகாரை மடித்துப் போட்டது, கழிவு அறை தூரத்தில் இருப்பது, கையுறை தராதது எல்லாம் அதில் இருந்ததாம். மேலே போய்த் திரும்பி வந்தபோது அது ஒரே பக்கமாக இருந்தது. அந்தப் பக்கத்தை அப்புறம் சார் வாஷரிடம் நீட்டி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். ‘ஒப்பந்தத் தொழிலாளி குழாயைத் தவறாகப் பொருத்தியதால் ஏற்பட்ட நோய்த்தொற்று’ என்று அதில் எழுதியிருந்தது.

“நான் வந்து சொல்லலைன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதே சார்.”

“அதை நான் மறுக்கலையே. நீ போட்டதுதானே? நீயே ஒத்துக்கிட்டதுதானே?” என்றார் அப்புறம் சார். இந்த ஒரு காரியத்தை மட்டும் அவர் அப்புறம் என்று தள்ளவில்லை. “கேட் பாஸைக் குடுத்துட்டுப் போ.”

தீவிர சிகிச்சைப் பிரிவின் பத்து பேசினையும் கழற்றி, புத்தகத்தில் இருந்த மாதிரியே ஆழமானவை புதிதாக வந்தன. அதை மாட்டியதை வாஷர் பார்க்கவில்லை. பெரிய சிஸ்டர்தான் போனில் சொன்னார். “உங்க புண்ணியம் வாஷர், ஏப்ரன் இப்ப நனையறதில்ல.” அவருக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. இனி அந்தக் கட்டிலில் படுக்கிற எவரோ, யாரென்றே தெரியாத ஒருவர், ஒன்றும் நடக்காமலே எழுந்து வீட்டுக்குப் போவார். அவருக்கு என்ன நடக்கவில்லை என்பது அவருக்கே தெரியாது. அதை நினைத்தால் வாஷருக்கு உடம்பு சிலிர்த்தது.

தங்கச்சியைத் தரைத்தளத்துப் பொது வார்டுக்கு இறக்கினார்கள். மற்றவர்களோடு வரிசையில் நின்று, பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு வாஷர் உள்ளே போனார். நீளமான வார்டு. இரண்டு சுவரிலும் பன்னிரண்டு பன்னிரண்டு கட்டில். இடது சுவர் பூராவும் சிமெண்டு ஈரமாக இருந்தது. அநேகமாகக் கட்டிலுக்கு ஒன்றாக, ஆழமில்லாத, பார்வைக்கு லட்சணமான பத்து பேசின்கள். விளிம்பில் அவருடைய ரெஞ்ச் பட்ட கீறல் ஒன்றில் அப்படியே இருந்தது.

அவள் கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு புது ஆள் குந்தி உட்கார்ந்து குழாயைத் திருகிக்கொண்டிருந்தான். கையில் உறை இல்லை. நூலில் கட்டிய குண்டு குழாயின் மூக்கிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“மேல மாடியில கழட்டினதுண்ணே. நல்ல சரக்கு, வீணாக்க வேணாம்னு சார் இங்க மாட்டச் சொன்னாரு” என்றான் அவன், கேட்காமலே. குண்டை எடுத்துவிட்டுக் குழாயைத் திறந்தான். “பாத்தீங்களா? ஒரு நூல் நகரல. நேரா குழிக்குள்ள.”

“தம்பி, அதை மூடு. மூடுப்பா. கொஞ்சம் சரிவுல விழற மாதிரி திருப்பி வை.”

“அப்படி வெச்சா கிண்ணத்துல அழுக்கு நிக்கும்ணே. நீங்க என்ன, இந்த வேலை தெரிஞ்சவரா?”

வாஷர் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்தார். துருப்பிடித்த சக்கரம் கிறீச்சிட்டது. “என்னண்ணே, என்ன பண்ற?” என்று தங்கச்சி கட்டுப்போட்ட கையைத் தூக்கினாள். அவர் கட்டிலை ஒரு மீட்டருக்கு மேல் வலதுபக்கம் தள்ளினார். நிமிர்ந்து பார்த்தால், தலையணைக்கு ஒரு முழத்தில் அடுத்த பேசின் இருந்தது. இடதுபக்கம் இழுத்தார், அங்கே பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், அவர் தலைக்கு மேலேயும் ஒன்று. கடைசியில் கட்டிலை நேராக முன்னால் இழுத்து, நடைபாதையின் நடுவில் நிறுத்தினார். பிறகு திரும்பிப் போய், பாட்டியுடைய கட்டிலின் கம்பியைப் பிடித்தார். எதிரே மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் வழி இல்லாமல் நின்று, “யோவ், யாருய்யா நீ? கட்டிலை எல்லாம் இருந்த எடத்துல தள்ளுய்யா!” என்று கத்தினான்.